பள்ளி திறக்கும் முன் ஒரு ஸலாம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி, 2025 டிசம்பர் பள்ளி விடுமுறையில் மேருவில் நடந்த பெற்றோர் சந்திப்பில் கல்விக் குழு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



  

பொன்விழா மேடையில் சங்கத்தின் ஐம்பது ஆண்டு வரலாற்றைச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் நாங்கள் வரும் ஆண்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சிலாங்கூரில் ஜனவரி 12ஆம் தேதி பள்ளி திறக்கிறது. கொரோனா காலத்தில் மார்ச் மாதம் வரை தள்ளிப்போன பள்ளித் தொடக்கம், 2025இல் பிப்ரவரிக்கு வந்து, இப்போது மறுபடியும் பழையபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. ஆகையால் இந்த முறை விடுமுறை குறைவு. அவசரம் அதிகம்.

மேரு சந்தைப் பக்கம் போனாலும் சரி, கிள்ளான் கடைத்தெருவுக்குப் போனாலும் சரி, நம் குடும்பங்களைப் பார்க்கிறோம். கறுப்புக் காலணி, பை, தண்ணீர்ப் போத்தல், பெண் பிள்ளைகளுக்குத் தூடோங். அரசாங்கம் கொடுக்கும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி பாதிச் செலவுக்குக்கூடக் காணாது என்று தெரியும். இருந்தாலும் கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்காமல் வாங்கிக் கொடுக்கிறீர்கள். எல்லாம் வாங்கிய பிறகும் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அது கடையில் கிடைக்காது, காசும் ஆகாது. உங்கள் பிள்ளையின் ஆசிரியருக்கும் உங்களுக்கும் உள்ள அறிமுகம்தான் அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு மாணவன் வந்தான். பத்து வயது. வந்து உட்கார்ந்த கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவான். மலாய்க் கட்டுரையில் நான்கு வரிக்கு மேல் போக மாட்டான். ஏட்டில் 'கவனமில்லை' என்று எழுதினோம். அடுத்த மாதமும் அதையே எழுதினோம். கையெழுத்து வாங்கி வரச் சொன்னோம், வாங்கி வந்தான். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. 'இந்தக் குடும்பத்துக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள் வீட்டுக்கே போனோம். மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் நான்காவது மாடி. கதவைத் திறந்தவர் பையனின் அத்தா. உணவகத்தில் தே தாரிக் ஆற்றும் வேலை, இரவு முறை. அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். நாங்கள் ஸலாம் சொன்னோம். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டார்: "எம் மவன் என்ன தப்பு செஞ்சான், சார்?"

அந்த ஒரு கேள்வியில் எங்களுக்கு முகம் வாடிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆள் வீட்டுக்கு வந்தால் குற்றப் பத்திரிகையோடுதான் வருவார் என்று அவர் நினைத்தார். அவர் நினைத்தது சரிதான். நாங்கள் அதற்குத்தான் போயிருந்தோம்.

உட்கார்ந்து பேசியபோது விவரம் தெரிந்தது. உள்ளறையில் படுத்த படுக்கையாக நன்னி. அத்தா இரவெல்லாம் கடையில். அம்மா கைக்குழந்தையோடு. இரவு நன்னி கூப்பிட்டால் எழுந்து தண்ணீர் கொடுப்பது அந்தப் பையன்தான். அம்மா தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்தவர், மலாய் பேச வராது. கிளினிக்குக்கு அம்மாவோடு போய் டாக்டரிடம் பேசுவது அவன். தண்ணீர்க் கட்டணம், மின்சாரக் கட்டணம், பள்ளிக் கடிதம் எல்லாம் படித்துச் சொல்வது அவன். அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளரையே நாங்கள் மொழியில் பலவீனம் என்று எழுதி வைத்திருந்தோம்.

வருந்தினோம். திட்டம் போட்டோம். ஆனால் அதற்குள் ஆண்டில் ஏழு மாதம் ஓடிவிட்டது. படிப்பு தனக்கு வராது என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிட்டிருந்தான். அடுத்த மாதம் வகுப்புக்கு வரவில்லை. இன்று அவர் வளர்ந்து, உழைத்து, ஹலாலாகச் சம்பாதித்து, குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'உனக்கு என்னவாக ஆசை?' என்று நாங்கள் அவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் குறை எங்களுடையது. வழியில் எங்களைக் கண்டால் இன்றும் 'சார்' என்று எழுந்து நிற்கிறார். எங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். புது ஆண்டு வகுப்பு தொடங்கும் முன், விடுமுறையின் கடைசி நாள்களில், வகுப்பில் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போவது. இருவராகப் போவோம், அதில் ஒருவர் ஆசிரியையாக இருப்பார். முன்கூட்டியே கேட்டு, குடும்பத்துக்கு வசதியான நேரத்தில் போவோம். வேண்டாம் என்பவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டோம். அவர்களோடு தொலைபேசியில் பேசுவோம், அல்லது பள்ளிவாசல் முற்றத்தில் சந்திப்போம். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் வீட்டையும் விட மாட்டோம். பிரச்சினை உள்ள வீட்டுக்கு மட்டும் போனால், 'சார் வந்துவிட்டார்' என்பதே அக்கம்பக்கத்தில் ஒரு அவப்பெயராகிவிடும். மதிப்பெண் பேச்சு கிடையாது. கட்டணப் பேச்சு கிடையாது. பிரியாணி வேண்டாம், ஒரு தேத்தண்ணி போதும் என்று முன்பே சொல்லிவிடுவோம்.

போய் என்ன கேட்போம்? ஐந்தே கேள்விதான். பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? அவன் அல்லது அவள் வீட்டில் எதை நன்றாகச் செய்வார்? பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள், பள்ளிக் கடிதத்தை யார் படிப்பார்கள்? பார்வை, காது, இழுப்பு, பயம் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா? கடைசியாக, இந்தப் பிள்ளை என்னவாக வேண்டும் என்று உங்கள் ஆசை? இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளையிடமும் கேட்போம்.

சின்னக் கேள்விகள்தான். ஆனால் கிடைத்த பதில்கள் எங்களை மாற்றின. ஒரு வகுப்பில் ஐந்து 'முஹம்மது' இருந்தார்கள். 'முஹம்மது' என்று கூப்பிட்டால் ஒரு பிள்ளை மட்டும் திரும்பவே மாட்டான். அடம் என்று நினைத்தோம். வீட்டில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை என்று போன பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை, வீட்டில் தம்பிகளை வரிசையாக உட்கார வைத்து ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுவாரமே வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவளிடம் கொடுத்தோம். அன்றிலிருந்து அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

அன்பர்களே, இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. இஸ்லாத்தின் தொடக்க காலத்தில் மக்காவில் கல்வி நடந்த இடம் அர்கம் (ரலி) அவர்களின் வீடு. நம் முன்னோர் புறப்பட்டு வந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், கடையநல்லூர், பனைக்குளம். அங்கே பிள்ளையை 'ஓத வைப்பது' என்றால் ஒரு விசேஷம். புதுச் சட்டை போட்டு, சீனியோ இனிப்போ கையில் எடுத்து, அத்தாவோ நன்னாவோ பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், லெப்பையிடம் அல்லது வீட்டில் ஓதிக் கொடுக்கும் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வருவார்கள். முதல் எழுத்துக்கு முன்னாலேயே இரண்டு குடும்பங்களும் அறிமுகமாகிவிடும். குர்ஆன் ஓதி முடித்த நாளில் மறுபடியும் இனிப்போடு போவார்கள். நடுவில் பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால், ஓதிக் கொடுப்பவரே வாசலுக்கு வந்து 'காய்ச்சலா?' என்று கேட்டுவிட்டுப் போவார்.

கடல் கடந்து வந்தோம். ஒரே பிள்ளைக்குக் காலையில் தேசியப் பள்ளி அல்லது தமிழ்ப்பள்ளி, பிற்பகலில் சமயப் பள்ளி, இரவில் டியூஷன் என்று மூன்று இடம் ஆயிற்று. அந்த மூன்று இடத்து ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. காலையில் அழுத பிள்ளையைப் பிற்பகல் உஸ்தாதுக்குத் தெரியாது. பிற்பகலில் பாராட்டு வாங்கிய பிள்ளையைக் காலை ஆசிரியைக்குத் தெரியாது. மூன்றையும் இணைக்கும் ஒரே இடம் வீடு. அந்த வீடு பேசாமல் இருந்துவிட்டால் மூன்று பேரும் பிள்ளையை முக்கால் பங்கு இருட்டில்தான் பார்ப்பார்கள்.

வெளியுலகத்தையும் பார்ப்போம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாக்ரமெண்டோ என்ற நகரம். ஏழைக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் பெற்றோர் பள்ளியை நம்பவில்லை, பள்ளியும் பெற்றோரை நம்பவில்லை. 1998இல் அங்கே பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து வீட்டுச் சந்திப்பு முறையைத் தொடங்கினார்கள். அவர்கள் வகுத்த விதிகளைப் பின்னாளில் படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. இருவராகப் போக வேண்டும். இரு தரப்புக்கும் விருப்பம் இருக்க வேண்டும். சிக்கலான பிள்ளை என்று பொறுக்கிப் போகக் கூடாது. முதல் சந்திப்பில் பிள்ளையைப் பற்றிய ஆசைகளைத்தான் பேச வேண்டும். போகும் ஆசிரியருக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதி ஒன்றுதான் எங்களிடம் இல்லை; சங்கப் பொருளாளர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறோம். ஜப்பானில் ஏப்ரலில் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர் ஒவ்வொரு வீடாகப் போய்வரும் வழக்கம் வெகு காலமாக உண்டு. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரே 'இல்லம் தேடிக் கல்வி'.

ஆனால் முப்பது, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இணையத்தில் பதிவேடும் எழுதிக்கொண்டு இருக்கும் பள்ளி ஆசிரியர் எல்லோர் வீட்டுக்கும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் வர முடியாவிட்டால் நாம் போவோம். முதலாம் ஆண்டுக்கும் முதலாம் படிவத்துக்கும் அறிமுக நாள் வைக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு லோரியை எடுக்க ஓடிவிடாதீர்கள். வகுப்பாசிரியர் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, இரண்டு நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். முதல் பேச்சு முறையீடாக இருக்க வேண்டாம். ஸலாமாக, வணக்கமாக, நன்றியாக இருக்கட்டும். பின்னால் ஒரு நாள் முறையிட வேண்டி வந்தால், தெரிந்தவரிடம் முறையிடுவது எளிது.

போகும்போது ஒரு தாளில் ஐந்து வரி எழுதி எடுத்துப் போங்கள். பிள்ளையின் வீட்டுப் பெயர், உடல்நலம், யார் அழைத்துப் போவார்கள், பிற்பகலில் எந்தச் சமயப் பள்ளி, உண்மையாகவே எடுக்கப்படும் தொலைபேசி எண். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். மதிய நேரத்தில் கடையில் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருக்கும் அத்தாவின் எண்ணைக் கொடுத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளில் யார் எடுப்பார்கள்?

மலாய் பேச வராத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மொழி வராது என்று பள்ளி வாசலோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் பிள்ளையை உங்களைவிட அறிந்தவர் இந்த உலகத்தில் இல்லை. அந்த அறிவைத்தான் ஆசிரியர் தேடுகிறார். துணைக்குப் பக்கத்து வீட்டு ராத்தாவை அழைத்துப் போங்கள். பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 'வீட்டுப்பாடமே செய்வதில்லை' என்று ஆசிரியர் சொன்னால், பிள்ளை மொழிபெயர்க்கும்போது 'நல்லாப் படிக்கிறேனாம்மா' என்று ஆகிவிடும்! சிரிக்கிறீர்கள். ஆனால் இதில் ஒரு வேதனையும் உண்டு. தன் குறையைத் தன் வாயாலேயே தாய்க்குச் சொல்ல வேண்டிய சுமையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றலாமா?

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. நாம் 'எத்தனை ஏ?' என்று கேட்டே பழகியவர்கள். இப்போது வகுப்பறையிலேயே மதிப்பீடு, 1 முதல் 6 வரை அடைவுநிலை. இதில் 6தான் உச்சம். அறிக்கையில் 3 என்று கண்டு, மகன் வகுப்பில் மூன்றாவது என்று கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த ஒரு அத்தாவை எங்களுக்குத் தெரியும். அவர் மேல் தவறில்லை. யாரும் அவருக்கு விளக்கவில்லை. 'இந்த 3ஐ 4 ஆக்க வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று ஆசிரியரிடம் கேளுங்கள். எந்த ஆசிரியரும் மகிழ்ந்து பதில் சொல்லும் கேள்வி அது.

இன்னொன்று, பள்ளி திறந்து ஆறு வாரம் ஆவதற்குள் ரமலான் வந்துவிடும். முதலாம் ஆண்டுப் பிள்ளை 'நானும் நோன்பு' என்று அடம்பிடிக்கும். தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளைகளை அன்பாக நடத்தும் பிற சமய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்: பிள்ளை அரை நாள் நோன்பா, முழு நாளா, மயக்கம் வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. சொன்னால் பார்த்துக்கொள்வார்கள். சொல்லாமல் இருந்துவிட்டு, தெரியவில்லையே என்று குறைபடுவது நியாயமல்ல.

இப்போது, பெற்றோருக்குள் அறிமுகம் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லி முடிக்கிறோம். நம் நாட்டின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. தேசியப் பள்ளி ஒன்றில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அங்கே தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். ஒரு கல்விக்கூடத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட முஸ்லிம் மாணவர்கள் இருந்தால், அவர்களுக்கு வாரம் குறைந்தது 2 மணி நேரம் இஸ்லாமியக் கல்வி வழங்கப்பட வேண்டும். இது 50ஆம் பிரிவு.

சமயக் கல்வியை எண்ணி நம்மில் பலர் பிள்ளைகளைத் தேசியப் பள்ளிக்கு அனுப்புகிறோம். அங்கே தமிழ் இல்லையே என்று வருந்துகிறோம். பேரப்பிள்ளைக்கும் நன்னிக்கும் இடையே பேச்சு மெல்ல மெல்ல அறுந்து போவதைக் கண்ணால் பார்க்கிறோம். நன்னி தமிழில் கேட்கிறார், பிள்ளை மலாயில் பதில் சொல்கிறது, இருவரும் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டம் கேட்பது 15 பேரின் விண்ணப்பம். ஒரே பள்ளியில் நம் வீட்டுப் பிள்ளைகளும் மற்றத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அந்த எண்ணுக்கு மேலேயே இருக்கலாம். ஆனால் ஒருவர் பிள்ளை அங்கே படிப்பது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் தனித்தனியாக வருந்திக்கொண்டிருந்தால் பதினைந்து கவலைகள்தான் சேரும், ஒரு விண்ணப்பம் சேராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். பிள்ளை எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். ஒரே பள்ளியில் இருப்பவர்களை இன்றைக்கே ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்கிறோம். பள்ளிக்குத் தனியாகப் போகத் தயங்கும் தாய்மார்களுக்குத் துணை வருவதற்குச் சில சகோதரிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இறைவன் நற்கூலி வழங்குவானாக. வரும் இரண்டு வாரங்களில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்களும் வருவோம்.

இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுக்காக துஆ செய்வோம். அவர்கள் காலத்தில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குடும்பங்கள் கொஞ்சம், எல்லோரும் அண்டை வீடு. இன்று மேருவிலும் கிள்ளானிலும் காப்பாரிலும் ஷா ஆலத்திலும் பரவி வாழ்கிறோம். அன்று தானாக இருந்த அறிமுகத்தை இன்று நாம் முயன்றுதான் உண்டாக்க வேண்டும்.

ஜனவரி 12க்குள் எங்களில் இருவர் உங்கள் வாசலுக்கு வந்து ஸலாம் சொன்னால், 'என் பிள்ளை என்ன தப்பு செய்தான்?' என்று கேட்காதீர்கள். 'உள்ளே வாருங்கள்' என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் நல்லதைக் கேட்கத்தான் வந்திருப்போம்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. அவர்களைப் பெற்றோருக்குக் கண் குளிர்ச்சியாகவும், நாட்டுக்கு நல்ல குடிமக்களாகவும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.